பட்டைத் தண்ணீர் குடித்த பெரணிகள்

அன்று அந்தக் கீற்றுப் பந்தலின் கீழ் நின்றவர்கள் ஐந்து பேர்: ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த முதலாளி, அவருடைய மச்சான், மெட்ராஸிலிருந்து தோல் வாங்க வந்த வெள்ளைக்காரத் துரை, துரையின் மனைவி, நான். பெரணிச் செடிகள் இருபத்து நாலும் இருந்தன. அவற்றை உயிருள்ள கணக்கில் சேர்க்க முடியாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மலைச்செடி கொண்டுவந்து பங்களாக்களில் வைப்பது என் பிழைப்பு. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது. ஓடைக்கரை நிழலும் ஈரமும் இருந்தால் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். துரையின் மனைவிக்கு அதில் பைத்தியம் என்று யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். அதுவரை எந்தச் செடியைப் பார்த்தாலும் குரோட்டன்ஸ் என்று சொன்ன மனுஷன், வியாபாரம் கூடும் என்று உடனே மாமரத்தடியில் பந்தல் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

பேச்சு ஒன்பது ரூபாய். பாதி முன்பணம், மீதி, அந்த அம்மாள் வந்து பார்க்கிற அன்று. முன்பணம் மலையிலிருந்து சுமந்து இறக்கிய ஆட்களுக்கே போயிற்று. வண்டி வாடகைக்கு என் வீட்டுக்காரியின் கம்மலை அடகு வைத்தேன். மீதி வந்தால்தான் கம்மல்.

ஏலகிரி ஓடையிலிருந்து ஈரக் கோணியில் சுற்றி, வேர்மண் உதிராமல் கொண்டுவந்து, மக்கிய இலை போட்டு நட்டேன். நல்ல தண்ணீர் தெளித்தால் போதும் என்று மூன்று தடவை சொன்னேன். எதையும் மூன்று தடவை சொல்கிறவன் நான்; அதனாலேயே யாரும் காதில் வாங்குவதில்லை.

நாலு நாள் கழித்துப் போனால், மச்சான் வாளியோடு நிற்கிறார். வாளியில், தோல் ஊறும் குழியில் மொண்ட ஆவாரம்பட்டைத் தண்ணீர், செக்கச் செவேலென்று.

"இன்னாங்க இது?"

"பட்டைத் தண்ணியில ஊறுன தோலு நூறு வருசம் கெடாது. இலை மட்டும் கெட்டுடுமா? நாலு எழுத்து படிச்சிருந்தா புரியும் உனக்கு."

"தோலு செத்த மாட்டோடதுங்க. இது உசிரோட இருக்குது."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கே பதம் சொல்லித் தர்றான் பாரு! போய்யா, பேஜார் பண்ணாத."

அன்றே வேரைக் கழுவி மண்ணை மாற்றியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். எதிர்த்துப் பேசினால் மீதி வராதோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் மூடர்கள், நான் தெரிந்தே சும்மா இருந்தவன். எது கேவலம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சொன்ன நாளில் அந்த அம்மாள் துரையோடு வந்து ஒரு இலையைத் தொட்டாள். அப்பளமாய் நொறுங்கியது.

"இது பழுப்பு ஜாதிங்கம்மா. ரொம்ப ஒசத்தி," என்றார் மச்சான், கூசாமல்.

"இல்லே. இது செத்துப் போச்சு," என்றான் துரை, தன் அரைகுறைத் தமிழில். பிறகு கிடங்குக்குப் போய் வழக்கமான தோலை வழக்கமான விலைக்கு வாங்கினான். பெரணிக்கும் வியாபாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

அவர்கள் வண்டி நகர்ந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "செத்த செடிக்கு இன்னாய்யா கூலி?"

'கொன்னது யாரு?' என்பது தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது, "சரிங்க."

கம்மல் வட்டியில் மூழ்கிப் போயிற்று. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சான் இன்றைக்கும் தோட்டம் வைக்கிறவர்களுக்கு யோசனை சொல்லித் திரிகிறார். எனக்கு வர வேண்டிய பாக்கி நாலரை ரூபாய்.