லீவுக்குக் காரணம்

எங்கள் டிப்போவில் செத்தவர்கள் திரும்பத் திரும்பச் சாவார்கள். ஒரு டிரைவருடைய மாமனார் இதுவரை மூன்று முறை இறந்திருக்கிறார். மனிதர் போன மாதம்கூட டிப்போ வாசலில் வந்து மருமகனிடம் வீட்டுச் சாவி வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமென்றால் எங்களுக்கு வேறு வழியில்லை. சீட்டில் காரணம் எழுத வேண்டும். அந்தச் சீட்டை டைம் கீப்பர் அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார். பதிலுக்கு வண்டி எடுக்கச் சம்மதிக்கிற டிரைவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் லீவு இல்லை.

அந்தப் பலகையில் ஒரு திங்கட்கிழமை காலை நிதானத்தின் சீட்டு தொங்கியது. காரணம் என்ற இடத்தில், ‘வானவில் ஊர்வலத்தில் நடக்க. நானும் அவர்களில் ஒருவன்’ என்று எழுதியிருந்தான். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் எல்லாம் வருஷா வருஷம் கொடி பிடித்து நடக்கிற ஊர்வலம் அது.

நிதானம் என்பது டிப்போ வைத்த பெயர். பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் பஸ் ஓட்டியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வயது நாற்பத்தாறு. தங்கை வீட்டு மாடியில் ஒற்றை அறை. நான் அவனுடைய வண்டியில் பதினொரு வருடமாகக் கண்டக்டர். ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட விஷயத்தை நான் நாலு பேரோடு நின்று பலகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்கு வந்தது ஆச்சரியமில்லை, கோபம்.

முதல் டிரிப் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“சொல்லத்தாங்க்கா இருந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அந்த ஊர்வலத்துல நம்ம வண்டி மாட்டிக்கிச்சே, அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணு சொன்னீங்க.”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பெரிய சந்திப்பில் நாற்பது நிமிஷம் நின்றோம். வெயில், புழுக்கம், பயணிகள் முணுமுணுப்பு. ‘இதுங்களுக்கு வேலை வெட்டியே இல்லையா’ என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். வண்டியே சிரித்தது. அன்றைக்கு சிக்னல் பச்சையான பிறகும் அவன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. தூங்கிட்டியா என்று அதற்கும் நான்தான் கிண்டல் செய்தேன். என் நாக்கில் அன்றைக்குச் சனி குடியிருந்திருக்க வேண்டும்.

தன்னைப் பற்றி இருபத்தொரு வயதிலேயே அவனுக்குத் தெரியுமாம். அவனுக்கென்று ஒருவர் இருந்திருக்கிறார், ஒரு வெல்டர். எட்டு வருடம். வீட்டார் நெருக்கவும் வெல்டர் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்த நாளிலும் நிதானம் வண்டி ஓட்டினான், நான் டிக்கெட் கிழித்தேன். ஏன் லீவு போடவில்லை என்று கேட்டேன். என்ன காரணம் எழுதுவது என்று திருப்பிக் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை சீட்டை யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். அவன் இன்னொன்று எழுதிக் குத்தினான். அதில் யாரோ அசிங்கமாகக் கிறுக்கினார்கள். மூன்றாவது எழுதினான், இந்த முறை பெரிய எழுத்தில். டைம் கீப்பர் கெட்டவர் இல்லை, வம்பு பிடிக்காதவர். சொந்த வேலை என்று எழுதேன், நானே யாரையாவது பிடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினார்.

“வாழ்நாள் பூரா அதைத்தான் சார் எழுதிட்டிருந்தேன்” என்றான் நிதானம். “கிழிச்சா இன்னொண்ணு எழுதுவேன். பேப்பர் டிப்போவோடது, கை என்னோடது.”

விஷயம் தங்கைக்கும் போயிற்று. இந்த வயதில் இது தேவையா, நான் வெளியே தலைகாட்ட வேண்டாமா என்று போனில் அழுதாளாம். இந்த வயதிலாவது தேவை என்று சொல்லிவிட்டு வைத்தானாம். சீட்டை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை வரைக்கும் ஏழு டிரைவர்களைக் கேட்டுவிட்டான். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு விருந்தாளி. மூன்று முறை மாமனாரைப் பறிகொடுத்தவர், பொய் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்றே சொன்னார். கையெழுத்து விழாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதே சந்திப்பில், அதே சீட்டில் உட்கார்ந்து, தன் ஆட்கள் கடந்து போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் வருகிற வசவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் கனரக லைசென்ஸ் இருக்கிறது. டிப்போ சோதனையிலும் தேறிவிட்டேன். உபரி டிரைவர் பட்டியலில் ஐந்து வருடமாகக் கடைசிப் பெயர் என்னுடையது. ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. பொம்பளை எதற்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூப்பிடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். நானும் சரி போகட்டும் என்று பை மாட்டிக்கொண்டு சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பலகையிலிருந்து சீட்டை எடுத்து டைம் கீப்பர் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். விளையாடாதீங்கம்மா என்று சிரித்தார். பட்டியலைப் பாருங்கள் என்றேன். விரலால் மேலிருந்து தடவிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது, சிரிப்பும் நின்றது.

நிதானத்துக்கு அதுவும் சமாதானமாகவில்லை.

“எனக்காகப் பாவப்பட்டுப் போட வேணாங்க்கா.”

“பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல” என்றேன். “அஞ்சு வருஷமா எனக்கு ஒரு வண்டி தரல. அன்னிக்கு அப்படிப் பேசின வாயும் என்னுதுதான். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் போட்டேன்.”

சனிக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் தயாரிப்பு. டிப்போ மைதானத்தில் நான் வண்டியை வளைத்துப் பழகினேன். அவன் படியில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட பழைய தகர ரூட் போர்டின் பின்பக்கத்தில் பெயின்டால் எழுதினான். எல்லாரும் அட்டை பிடிப்பார்கள். இவன் மட்டும் தகரம். இதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடக்க முடியுமா என்று கேட்டதற்கு, மழை வந்தால் அட்டை கரைந்துவிடுமாம். புது மஞ்சள் சட்டை வாங்கியிருந்தான். சாம்பல் சீருடையிலேயே பார்த்த ஆளை அதில் பார்க்கக் கண் கூசியது. சொன்னேன். கூசட்டும் என்றான். நடுவில் எழுந்து வந்து, செகண்ட் கியர் முரண்டு பிடிக்கும், அதட்டாமல் போடுங்கள் என்று மூன்று தடவை சொன்னான். ஊர்வலத்தைவிட அவனுக்கு வண்டியைப் பற்றித்தான் கவலை அதிகம்.

ஞாயிறு மத்தியானம் பெரிய சந்திப்பில் போலீஸ் கை காட்டி நிறுத்தியது. நான் என்ஜினை அணைத்தேன். பறைபோல் எதையோ தட்டிக்கொண்டு, கொடி பிடித்துக்கொண்டு கூட்டம் வந்தது. அதில் இடது ஓரமாக, இடதுபக்கம் யாரும் முந்தாமல் பார்த்துக்கொள்கிற டிரைவர் நடையில், மஞ்சள் சட்டை வந்தது. தகரத்தைத் தலைக்கு மேலே பிடித்திருந்தான். ‘இருபத்தைந்து வருடம் தாமதம். வருத்தம் தெரிவிப்பதாக இல்லை.’

எனக்குப் பின்னால் இருந்த ஆள் வாட்ச்சைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“இதுங்களுக்கு வேலை வெட்டியே இல்லையா?”

என் வார்த்தை அப்படியே எனக்குத் திரும்பி வந்தது. நான் சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பினேன்.

“இருக்குங்க. அந்த மஞ்சச் சட்டைக்காரருக்கு இந்த பஸ்ஸ ஓட்டுறதுதான் வேலை. இன்னிக்கு லீவு.”

அவர் வாட்ச்சை விட்டுவிட்டு மஞ்சள் சட்டையை எட்டிப் பார்த்தார். நிதானம் எங்களைத் தாண்டும்போது முதலில் டயரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். சிக்னல் பச்சையாயிற்று, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் தகரம் கண்ணுக்கு மறைகிறவரை நான் வண்டியை எடுக்கவில்லை.