தொரசானிக் குடை

அண்ணியின் கறுப்புக் குடை இன்னமும் என் பீரோவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. தூக்கிப் போடத் துணிவில்லை. விரித்துப் பிடிக்க யோக்கியதை இல்லை.

காத்திவாக்கத்தில் குடை பிடித்து மீன் விற்ற ஒரே பொம்பளை என் அண்ணிதான். வெயில் பட்டால் அவள் முகமும் கையும் சிவந்து தடித்துக் கொப்பளித்துவிடும். மற்றவர்கள் மணலில் கருவாடு காயவைக்க, அவள் ஓலை நிழலில் உட்கார்ந்து மீன் கீறிக் கொடுப்பாள். ராயபுரம் மார்க்கெட்டில் 'வெள்ளைக்காரத் தொரசானி' என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். துறைமுக ஆபீசில் அப்போதுதான் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்த எனக்குத்தான் மானம் போகும். தூரத்தில் குடையைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என்னைப் படிக்க வைத்ததே அந்த மீன்கூடைதான் என்பது அப்போது எங்கே உறைத்தது!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவள் மார்பில் புற்றுக்கட்டி வந்தது. அண்ணன் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். கட்டியை அறுத்து எடுத்தபின், கரண்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, வைக்கவேண்டும் என்றார் டாக்டர். நான் வெயில் சங்கதியைச் சொன்னேன். அவர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, வெயில் வேறு, இந்தக் கதிர் வேறு, கொஞ்சமாகத் தொடங்கித் தோலைக் கவனித்துக்கொண்டே போகலாம், வைக்காமல் விடுவதுதான் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். ஆறு வாரம், தினமும் யாராவது கூட வரவேண்டும் என்றார்.

ஆறு வாரம் பஸ்ஸில், அந்தக் குடையோடு, ஆபீசுக்காரர்கள் பார்க்க! லீவு கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

வெளியே பெஞ்சில் இருந்தவளிடம், "ஒன் ஒடம்புக்கு ஒத்துக்காதாம் அண்ணி" என்றேன்.

"நானும் அதத்தான் நென்ச்சேன் நைனா. வெயிலே தாங்காத தோலு, மிஷினு வெளிச்சத்த எங்க தாங்கப்போவுது? நீ இன்னா பண்ணுவ, வுடு."

என்னையே தேற்றினாள். அண்ணனும் நம்பினான், குப்பமே நம்பியது. அடுத்த வருஷம் படுக்கையில் விழுந்தபோது, ஆபீசுக்கு வெயிலில் நடக்கிறாயே என்று குடையை என் கையில் கொடுத்தாள். பத்து நாளில் போய்விட்டாள்.

இப்போது எனக்குத் தொண்டையில் புற்று. அதே சிகிச்சை, ஆறு வாரம். மகள் லீவு போட்டுவிட்டுத் தினமும் கூட வருகிறாள். நேற்றுக் கிளம்பும்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குடையை எடுத்து வந்து, வெயிலாக இருக்கிறது, பிடியுங்கள் அப்பா என்றாள்.

ஓட்டைக் குடையம்மா, வேண்டாம் என்றேன். அதில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது.