நாலு தண்ணீர் அலசிய சாம்பல்

நெய்வேலியில் அனல்மின் நிலையச் சாம்பல் பிரிவில் அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் ஒரு பல்கலைக்கழக மையத்தில் அதே சாம்பலை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சாம்பலைக் காரக் கரைசலில் வேகவைத்து, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்துளைப் படிகமாக மாற்றுவது என் வேலை. மையத்தில் வேதியியல், இயற்பியல், சிவில் ஆட்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஒரு தப்பு நடந்தால் அது எந்தத் துறையின் தப்பு என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடும்.

சாம்பலுக்கு முறைப்படி அனுமதிக் கடிதம் வாங்கியிருந்தேன். அப்பா மூட்டை கட்டி வைப்பார். ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் எடுத்து வருவேன். படிகங்கள் அழகாக வந்தன. கட்டுரையும் வெளியானது. ‘சாம்பலை வந்தபடியே பயன்படுத்தினோம்’ என்று அதில் எழுதியிருந்தேன்.

பிறகு ஜூனியர் ஒருத்தி, லாரியில் நேராக வந்த சாம்பலில் அதையே செய்துபார்த்தாள். படிகம் வரவில்லை, வெறும் சேறுதான் வந்தது. வேறொரு ஊரிலிருந்தும் அதே புகார் மின்னஞ்சலில் வந்தது. ஐந்து மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. என் வழிகாட்டி என்னுடைய நோட்டுகளை வாங்கிப் பூட்டிவைத்தார். எண்களை நான் இட்டுக்கட்டியதாக நினைக்கிறார் என்று புரிந்தது. அப்பாவின் மூட்டையில் மட்டும் ஏன் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொரு மூட்டை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றேன். பின்பக்கம் அப்பா பிளாஸ்டிக் டப்பில் சாம்பலைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி, பழைய குறிஞ்சிப்பாடி லுங்கியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

“என்னாப்பா இது?”

“ஒனக்குத்தாம்மா. படிச்சவங்க கைல எடுக்கற பொருளு, அழுக்கோட எப்பிடிக் குடுக்கறது? நாலு தண்ணி அலசிதான் காய வெப்பேன்.”

“எப்பலேர்ந்து?”

“மொத மூட்டைலேர்ந்தே.”

சுண்ணாம்பும் உப்பும் அந்த நாலு தண்ணீரில் போயிருந்தன. அவை இருந்தால் படிகம் ஒழுங்காக வளராது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. இந்தப் பொருள் என் மேஜைக்கு எப்படி வந்தது என்ற முதல் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கொடுத்தவர் அப்பா என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எதற்கும் பதிவு இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். ‘பயிற்சியற்ற ஒருவர் மாதிரியைக் கையாண்டதால்’ என்று அவர் எழுதிய கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியை மாற்றச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. “இப்போதைக்குச் சாம்பல் போதும்பா” என்றதோடு சரி. மூன்று மாதம் கழித்து மையத்து ஆட்களே வண்டியில் போய்ச் சாம்பல் எடுத்து வந்தார்கள். அன்று சாயங்காலம் அப்பா ஃபோன் செய்தார்.

“ஒங்க ஆளுங்க வந்து அப்பிடியே அள்ளிக்கினு போனாங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அலசிக் குடுத்திருப்பனே. அந்த அழுக்க வெச்சிக்கினு நீ எப்பிடிம்மா படிப்ப?”

“பரவால்லப்பா, நானே அலசிக்கிறேன்” என்றேன்.