மஸ்கட்காரருக்கு நான் சொன்ன ஒரு வார்த்தை

அந்தச் செய்தித் தளத்தில் கருத்து எழுத வேண்டுமானால் ஊர்ப்பெயர் போட வேண்டும். கிழக்குத் தாம்பரம் என்று போட்டால் எந்தப் பயல் மதிப்பான்? நான் சிங்கப்பூர் என்று போட்டேன், அதுவும் ஆண்பிள்ளையாக. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் அது. காலையில் கணவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு, குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு கட்சியையே கிழித்துத் தொங்கவிடுவேன்.

அங்கே தலைவர்களைத் திட்டுகிறவர்கள் குறைவு. ஜால்ரா, அல்லக்கை, கைக்கூலி எல்லாம் எங்களுக்குள்தான். மரியாதை கூடக்கூட உதை பலமாக விழும். ‘அன்பரே’ என்று ஆரம்பித்தால் தீர்ந்தது கதை. என் பரம எதிரி ஒரு மஸ்கட்காரர். ‘அன்பரே, தங்கள் மூளையை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்களா?’ என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அடித்தேன்: ‘வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் தண்டச்சோறு தின்கிற உமக்கு அரசியல் ஒரு கேடா?’ யப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்!

அந்த வாரம் மாமனாரின் போக்கு மாறியது. மறைமலை நகரில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ருசித்துச் சாப்பிடுகிற மனுஷர். இப்போது "பசியில்லம்மா" என்று பாதியில் எழுந்தார். கேட்காமலே ரேஷனுக்குப் போனார், கரண்ட் பில் கட்டினார், பீன்ஸ் நறுக்கினார். மாமியார் மிரண்டுபோய், "இவருக்கு என்னமோ ஆயிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார்.

நான்காம் நாள், ஊர்ப்பெயர்க் கட்டத்தில் கை தவறி இரண்டு முறை சொடுக்கிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் அதுவரை அடித்த ஊர்கள் வரிசையாக இறங்கின. இரண்டே ஊர்கள். சிங்கப்பூர், மஸ்கட்.

மதியம் நான் தூங்கும் நேரத்தில் மாமா அங்கே உட்காருவது தெரியும். சீட்டாடுகிறார் என்று நினைத்திருந்தேன். எனக்குக் காட்டிய கட்டம் அவருக்கும் காட்டியிருக்குமே! யாரோ முகம் தெரியாதவன் சொன்னதற்கா அவர் தட்டை ஒதுக்கினார்? சோறு போடுகிறவளே சொல்லிவிட்டாள் என்றல்லவா ஒதுக்கினார்! அழுதேவிட்டேன்.

நேரே போய் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ‘மஸ்கட் நண்பரே, நான் சொன்னது மகா தப்பு. அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன்’ என்று அடித்தேன். அந்தத் தளத்தில் அதற்கு முன் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் பகலில் திறந்தால், ஆளாளுக்கு என்னை மொத்தியிருந்தார்கள். பல்டி மன்னன், விலைபோனவன், இன்னும் எழுதக் கூசுகிற எத்தனையோ.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மஸ்கட்டிலிருந்து ஒன்று: ‘அன்பர்களே, சிங்கப்பூர்க்காரரைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் வாயை மூடவும்.’

திரும்பிப் பார்த்தேன். மாமா தானே தட்டை எடுத்துவைத்துக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இன்னும் சோறு ஆகலையா?" என்றார்.