சின்னக் கதிரைகளில் தகப்பன்மார்

புரோசார்ட் நகரில் சனிக்கிழமைக் காலை. மகன் காரை நிறுத்திவிட்டு வரும்வரை ஒரு சமூகக் கூடத்தின் வாசலில் நிற்கிறேன். உள்ளே சீனப் பிள்ளைகள் கன்பூசியஸ் வழிப் பழம்பாடங்களை உரக்க ஒப்பிக்கிறார்கள். முதலில் வாய்க்கு வரட்டும், பொருள் பிறகு புரியும் என்பது இவர்கள் முறை. பக்கத்தில், முழங்கால் நெஞ்சில் முட்ட, அதே சின்னக் கதிரைகளில் தகப்பன்மாரும் ஒப்பிக்கிறார்கள்.

தரை துடைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் சிரிக்கிறார்.

"தேப்பன்மார் சின்னனில படிக்கேக்க அங்க சீனாவில இதுக்குத் தடையாம், ஐயா. இப்பதான் படிக்கினம். அந்தச் சிவப்புச் சேட்டுப் போட்டவர் போன கிழமையும் இதே வரியில தடக்கினவர். மகள்தான் திருத்தினவள்."

"வெக்கமில்லையோ அவருக்கு?"

"வெக்கம் பாத்தா வருவாரே?"

மறுபடி தடக்கிய அவர், மகளுக்குத் தலையசைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்.

லண்டனில் என் மகனுக்கு ஏழு வயதில், கிளிப்பிள்ளைப் படிப்பு என்று சொல்லி அவனுடைய தமிழ் வகுப்பை நிறுத்தியவன் நான். நாற்பது வயதில் அவன் இப்போது என்னருகே வந்து நின்று, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறான்.

பிழை என்னுடையது என்று இன்றைக்காவது அவனிடம் சொல்லிவிட வேண்டும். அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும்.