முகூர்த்தத்துக்கு வராத தாலி

சென்ற ஆண்டு ஆவணியில் என் இளைய மகனுக்குத் திருமணம். எங்கள் வீடு ஊத்துக்கோட்டையில், மண்டபம் கும்மிடிப்பூண்டியில். எந்த வேலையிலும் ஏதாவது கெட்டுப்போகும் என்று நினைக்கிறவன் நான். அதனால் ஜெனரேட்டர் இரண்டு, வேன் இரண்டு, மாலைகூட இரண்டு ஜோடி கூடுதலாகச் சொல்லியிருந்தேன்.

முதல் நாளே எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அத்தனை பேர் புழங்கும் இடத்தில் ராத்திரி தங்கம் இருக்க வேண்டாம் என்று, தாலிக்குக் காவலாக நான் மட்டும் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேனில் கிளம்பினேன்.

மாதர்பாக்கம் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. இரும்புக் கம்பி ஏற்றி வந்த டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. கம்பிகள் இன்னும் சரிந்துகொண்டிருந்ததால் நடந்து போகவும் போலீஸ் விடவில்லை. பின்னால் லாரிகள் அடைத்துக்கொண்டதில் திரும்பவும் வழியில்லை. வேனில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

மனைவி போன் செய்தாள். "எங்கய்யா கீற? ஐயரு கத்திக்கினு கீறாரு."

"வண்டி நவுரவே இல்ல. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"முகூர்த்தம் தப்பினா வேற நாள் பாத்துக்கலாம்னு பொண்ணோட பெரியப்பா மொறைக்கிறாரு. மஞ்சக் கெழங்கக் கயித்துல கட்டித் தாலியா போட்டுடலாம்னு ஐயரு சொல்றாரு. இன்னா, கட்டட்டுமா?"

அது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கமும் இல்லாமல், தகப்பனும் இல்லாமல் ஒரு கல்யாணமா?

"எல்லாத்துக்கும் எக்ஸ்ட்ரா ஒண்ணு வச்சியே, உனக்கு ஒண்ணு வச்சியா?" என்றாள். பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

"கட்டச் சொல்லு" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் கெட்டிமேளத்தைக் கேட்டேன். வேன் டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கருந்தே கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணு நைனா, டவர் நல்லாத்தான் கீது" என்றார். லாரிகளுக்கு நடுவே நின்று கையைத் தூக்கினேன்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் இல்லாததால் எந்த வேலையும் நிற்கவில்லை.

இப்போது எதற்குத் திட்டம் போட்டாலும், நான் வராமல் போனால் இது நடக்குமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். நடக்கும் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.