பாபநாசத்திலிருந்து துபாய்க்கு: ஒரு பொட்டலத்தைப் பிரித்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவர் கண் அசருகிறாரா என்று பார்த்துக்கொண்டே போகிற ஆள். ஐம்பத்து மூன்று வயதுவரை நான் பார்த்த தூர தேசம் திருப்பதி. அப்படிப்பட்டவள் இந்த அக்டோபரில் தனியாக விமானம் ஏறித் துபாய்க்கு வந்தேன். மகள் நிவேதாவுக்கு நவம்பர் மூன்றாம் வாரம் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, அவருடைய அம்மாவோ படுத்த படுக்கை. நிவேதாவுக்கு முதல் கரு ஐந்தாம் மாதமே தங்காமல் போனது. இந்தத் தடவை நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரரால் வர முடியவில்லை. சம்பா நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது, தண்ணீர் வைக்க ஆள் வேண்டுமே.

என்னைப் போல முதன்முறை கிளம்பும் அம்மாக்கள் யாராவது படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டுக்குத் தஞ்சாவூர் போனேன். பாபநாசத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கட்டணம் 1,500 ரூபாய். என் முறை பத்தேகாலுக்கு. ஒன்பது மணிக்கே போய் நின்று, ஆதார் அட்டையை எட்டு தடவை எடுத்துப் பார்த்தேன். அங்கே கைரேகை பதியும்போது வலது கட்டை விரல் பதியவே இல்லை. முப்பது வருடம் நடவிலும் களையெடுப்பிலும் சேற்றில் தேய்ந்த விரல். பாஸ்போர்ட் கிடைக்காது, மகள் தனியாகக் கிடப்பாள் என்று அங்கேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்த பெண் ஊழியர் சிரிக்காமல், "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கம்மா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். மூன்றாவது தடவை பதிந்தது. பத்தொன்பதாம் நாள் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. மாப்பிள்ளை அறுபது நாள் விசா எடுத்து அனுப்பினார்.

பெட்டிக்கு முப்பது கிலோ, கைப்பைக்கு ஏழு கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. நெல் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு வீட்டுக்காரர் எடை பார்த்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் கேட்பது போல "ஈரப்பதம் பாக்கலாமா?" என்று கிண்டல் வேறு. இருபத்தொன்பதரை காட்டியது. பிரசவ லேகியம், பூண்டு, கருப்பட்டி, சுக்கு, குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி, என் கையால் காய வைத்து மில்லில் அரைத்த கறிமசாலா இரண்டு கிலோ, எல்லாம் அதில் அடக்கம். கசகசா மட்டும் அந்த ஊரில் கூடாது, போதைப்பொருள் கணக்கில் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நிவேதா நாலு தடவை சொல்லியிருந்தாள். லேகியத்தோடு கட்டி வைத்திருந்த கசகசாப் பொட்டலத்தை எடுத்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். வைத்த பிறகும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும், அந்த ஊரில் வேலை பார்ப்பவர்களின் வீட்டிலிருந்து பொட்டலம் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்தால்கூட மன்னிப்பார்கள், பொட்டலத்தை வாங்க மாட்டேன் என்றால் மன்னிக்க மாட்டார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் செல்வியின் புருஷன் முருகேசன் பதினோரு வருடமாகத் துபாயில் கட்டட வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வி இரண்டு கிலோ பொட்டலம் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் நெருக்கமாகக் கைத்தையல் போட்டிருந்தாள்.

"கையிலேயே வெச்சுக்கங்கக்கா, பெட்டியில போட்டா நொறுங்கிடும்."

உள்ளே என்ன என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்றாகிவிடும். வாங்கிக் கைப்பையில் வைத்தேன்.

மறுநாள் விமானம் காலை 11.40க்கு. திருச்சி விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர். கார் வாடகை 2,800 ரூபாய். ஆறு மணிக்குக் கிளம்பினோம். வண்டியில் நானும் டிரைவர் நசீரும் மட்டும். வீட்டுக்காரர் வாய்க்காலில் அன்றைக்கு வந்த முறைத் தண்ணீரை விட்டுவிட்டு வர முடியாது என்று வாசலோடு நின்றுவிட்டார். நசீர் அய்யம்பேட்டைக்காரர், வாரம் மூன்று தடவை விமான நிலையம் போய் வருபவர். வல்லம் தாண்டியதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கசகசா ஏதும் இல்லையே?"

"அதெல்லாம் தெரியும் தம்பி. எடுத்து வெச்சிட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அடுத்தவங்க குடுத்த பொட்டலம்?"

என் கை தானாகக் கைப்பையைத் தொட்டது. அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. துபாயில் என்னைப் பிடித்து உட்கார வைப்பார்கள். வெளியே நிவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாஷை தெரியாது, போன் இருக்காது. இதே படம் திரும்பத் திரும்ப ஓடியது. செங்கிப்பட்டியில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மணி ஏழரை. செல்விக்குப் போன் போட்டேன்.

நிதானமாகக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது இதுதான்: "பொட்டலத்துல என்னத்த வெச்சுத் தெச்சிருக்கே? என்னை ஜெயில்ல தள்ளப் பாக்கறியா?"

"பிரிச்சுப் பாருங்கக்கா" என்றாள்.

டீக்கடையில் கத்தி வாங்கி நசீர் தையலை அறுத்தார். கைமுறுக்கு, பருப்புப் பொடி, இரண்டு கைலி, மூட்டுவலித் தைலம், அவள் மகனின் பள்ளிக்கூட போட்டோ ஒன்று. அவ்வளவுதான். பருப்புப் பொடியை மோந்து பார்த்தேன், நக்கிப் பார்த்தேன். வெறும் பருப்புப் பொடி.

"ஒண்ணுமில்ல செல்வி" என்றேன்.

"இருக்காதுக்கா. அவரு போன மொத வருஷமே சொல்லிட்டாரு. அதுலேருந்து எங்க வீட்டு மசாலாவுலயே நான் கசகசா போடறதில்ல. நாங்க சாப்பிடறதும் அதே மசாலாதான். அவருக்கு அனுப்பறப்ப மாத்தி அள்ளிட்டா என்ன பண்றது?" என்றாள். "ஆமா, உங்க கறிமசாலாவுல என்னென்ன போட்டீங்க?"

மல்லி, மிளகாய், சோம்பு, மிளகு, பட்டை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த பெயர் வாயில் வரும்போதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கிலோ மசாலாவில் கால் கிலோ கசகசா. நானே வறுத்து, நானே மில்லில் நின்று அரைத்தது. மணியாக இருந்த கசகசாவை எடுத்து அலமாரியில் வைத்தவளுக்கு, அரைபட்ட கசகசா ஞாபகத்தில் வரவில்லை. அரைத்தபின் அது மசாலாதானே என்றுதான் புத்தி நினைத்திருக்கிறது. நிவேதா சொன்னது நாலு தடவையும் வீண்.

நான் சொல்லாமலே செல்விக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாமல், "பதறாதீங்க. மொதல்ல மசாலாவ வெளிய எடுங்க. பெட்டியக் காலி பண்ணி ஈரத்துணியால தொடைங்க. துணியெல்லாம் ஒண்ணொண்ணா உதறுங்க. லேகியம் கிண்டின கரண்டி வேற, மசாலாக் கரண்டி வேறதானே?" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். விமான நிலையத்தை வெளியிலிருந்துகூடப் பார்க்காதவள் அவள். இருபத்தெட்டு நிமிடம் லைனிலேயே இருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் என் உள்பாவாடை வரைக்கும் உதறினோம். மசாலாவை டீக்கடைக்காரருக்குக் கொடுத்தேன். செல்வியின் பொட்டலத்தை நசீர் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். எட்டேமுக்காலுக்கு விமான நிலையம் சேர்ந்துவிட்டோம்.

விமானத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நாலு மணி நேரமும் பெட்டியின் மடிப்பில் எங்காவது ஒரு துளி ஒட்டியிருக்குமோ என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். மேகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஊர் நேரம் 2.10க்கு இறங்கினோம். இயந்திரத்துக்குள் போய் வந்த என் பெட்டியை ஒரு அதிகாரி திறக்கச் சொன்னார். லேகிய டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு "மசாலா?" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. "நோ" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டப்பாவைத் திறந்து மோந்தார், முகம் சுளித்தார், போகச் சொல்லிவிட்டார். வெளியே நிவேதா நின்றிருந்தாள். கட்டிப்பிடித்தபடியே கேட்டாள்: "அம்மா, கறிமசாலா கொண்டாந்தியா?" நான் அழுத அழுகையில் அவள் பயந்துபோனாள்.

கிளம்பப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கசகசாவை மணியாக மட்டும் தேடாதீர்கள், கலந்து அரைத்த எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். லேகியம், பொடி எதுவானாலும் என்னென்ன சேர்த்தது என்று தாளில் எழுதி வையுங்கள். பொட்டலம் தருபவரிடம் அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள், அதில் கூச்சம் வேண்டாம். விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போங்கள். கைரேகைக்குப் போகும் வாரத்தில் வயலில் இறங்காமல் இருந்தால் நல்லது.

நிவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். ஆனால் எழுதாமல் விட்டால் எனக்கே பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முருகேசன் பொட்டலம் வாங்க வந்தார். அறுந்த தையலையும் சணல் கயிற்றையும் பார்த்து, "பிரிச்சாங்களாக்கா?" என்றார். "ஆமா, ஏர்போர்ட்ல பிரிச்சிட்டாங்க" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அவர் போன பிறகுதான் உறைத்தது. ராத்திரி அவர் செல்வியிடம் பேசுவார், நான் பேசிய பேச்சு வெளியே வந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து முருகேசனே போன் செய்தார். "ஏர்போர்ட்ல உங்கள ரொம்பப் படுத்திட்டாங்களாமே, செல்வி சொன்னா. எங்களால உங்களுக்குச் சிரமம்க்கா" என்றார். என் பொய்யைச் செல்வி அப்படியே காப்பாற்றியிருக்கிறாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி ஊருக்குத் திரும்புகிறேன். டிக்கெட் கையில் இருக்கிறது. விமானத்துக்கு இப்போது பயமில்லை. செல்வி வீட்டு வாசலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.